சிசுவின் மூளையும் கிராமத்தின் கடமையும்

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பதை உழவர்கள் நன்கு அறிவர். மனிதப் பயிருக்கும் இது பொருந்தும். கருவிலோ, பிறந்த சில நிமிடங்களிலோ மூளைக்கு நேரும் கேடு ஆயுள் முழுவதும் தொடரக்கூடும். அம்மூளையைப் படமெடுத்து ஆராயும் பணி இன்று நம் மாநிலத்திலேயே நடைபெறுகின்றது. கொரட்டூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தாருக்கு எட்டும் தொலைவில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் 2022இல் தொடங்கப்பெற்றது.

2024 டிசம்பரில் அம்மையம் 'தரணி' என்னும் படத்தொகுதியை வெளியிட்டது. 14 முதல் 24 வாரக் கருவளர்ச்சியில் உயிர்நீத்த ஐந்து சிசுக்களின் மூளைகளை மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை அதில் அமைத்துள்ளனர். நிலத்துக்குப் புலப்படம் எப்படியோ, வளரும் மூளைக்கு இத்தொகுதி அப்படி. எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

உயிருள்ள சிசுவின் மூளையைக் காணும் வழிகளும் உண்டு. உச்சிக்குழி மூடாதிருப்பதால், அதன்மேல் ஸ்கேன் கருவியை வைத்து ஒலியலைகளால் உட்புறத்தைக் காணலாம். எம்.ஆர்.ஐ. கருவி காந்தத்தால் இயங்குவது. அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. பாலூட்டி, துணியால் சுற்றி, சிசு உறங்கும்போதே படமெடுத்துவிடலாம்.

நம் நாட்டிலேயே ஆராய்வதன் அவசியத்தை ஒரு சோதனை உணர்த்துகின்றது. பிறக்கையில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து வைப்பது செல்வ நாடுகளில் பயன் தந்த சிகிச்சை. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளைச் சேர்த்து அதனைச் சோதித்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியும் பங்கேற்றது. குளிர்விக்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேரும், ஏனையோரில் 31 பேரும் இறந்தனர் என 2021இல் முடிவு வெளிவந்தது. வேற்று மண்ணின் விதையை நம் வயலில் சோதித்தே விதைக்க வேண்டும் என்பது இங்கும் மெய்யாயிற்று.

ஆகவே, வந்தபின் தீர்ப்பதைக் காட்டிலும் வருமுன் காப்பதே சிறந்தது. கர்ப்பிணிகள் தவறாது பரிசோதனைக்குச் செல்லுதல், ஆஸ்பத்திரியிலேயே பிரசவம், வலி கண்டதும் 108க்கு அழைப்பு ஆகியவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர் உறுதிசெய்தல் வேண்டும். பிறந்ததும் அழாத, பால் குடிக்காத, வலிப்புக் காணும் குழந்தைக்கு ஒரு கணமும் தாமதமின்றி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். அத்தகைய குழந்தை வீடு திரும்பிய பின்னும் மறுபரிசோதனைகள் விடுபடலாகாது.

ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 21 வரை தேசியப் பச்சிளங்குழந்தை வாரம் கொண்டாடப்பெறுகின்றது. அதற்கு முன்னரே நவம்பர் 1ஆம் நாள் கிராம சபை கூடுகின்றது. அச்சபையில் சுகாதாரச் செவிலியரை அழைத்து இப்பொருளைப் பேசச் செய்வோமாக. நாம் காக்கும் முதல் மூச்சே நாளைய நல்லறிவுக்கு வித்தாகும்.