பெட்டியை விட்டு இறங்கிய ட்ரான்ஸ்போமர்

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, அக்கரையிலிருந்து பழுதான அம்பிளிபையரையோ பற்றறி சார்ஜரையோ திருகோணமலை நகரத்துக் கடைக்குக் கொண்டுவர அதைப் படகுப்பாதையில் ஏற்ற வேண்டியிருந்தது. பெட்டியின் கனம் முழுக்க ட்ரான்ஸ்போமர்தான். அடுக்கிய இரும்புத் தகடு, செப்புக் கம்பி, வார்னிஷ் மணம். எரிந்தால் பிரித்து, சுற்றுகளை எண்ணி, புதுக்கம்பி சுற்றுவார்கள்.

அந்தக் கனத்துக்கு ஒரு பயன் இருந்தது. ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் 12 வோல்ட். நடுவில் காந்தப்புலம் மட்டும். 7812 றெகுலேட்டர், 1000 மைக்ரோபரட் கண்டென்சர், றிலே எல்லாம் மறுபக்கத்தில். போர்டை விரலால் தடவியே சூடான பாகத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய போர்டை அப்படித் தடவினால் உயிர் போகலாம்.

குளிர்சாதனப்பெட்டிக்கு முன்னால் செருகும் வோல்டேஜ் காவல் பெட்டி, அந்தியில் தானே எரியும் வெளிவிளக்கின் சென்சர் போன்ற மலிவான பொருட்கள் பலவற்றில் இன்று ட்ரான்ஸ்போமர் கிடையாது. ஒரு ரொபி அளவுக் கண்டென்சர் 230 வோல்ட்டை நேரே வாங்கி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி அனுப்புகிறது. மேலே 474, எக்ஸ்2, 275 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 474 என்றால் 0.47 மைக்ரோபரட். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில், பிரிட்ஜ் டயோடுக்குப் பிறகு அது கொடுப்பது ஏறக்குறைய 30 மில்லி அம்பியர். 12 வோல்ட் றிலேயின் சுருள் ஒன்றே அதை விழுங்கிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட போர்டுகளில் 15 மில்லி அம்பியரில் இழுக்கும் 24 வோல்ட் றிலேயை அதிகம் காண்கிறோம்.

கோளாறும் மாறிவிட்டது. ட்ரான்ஸ்போமர் ஒரேயடியாகச் சாகும். இந்தக் கண்டென்சர் தேய்ந்து சாகும். உள்ளே பிளாஸ்டிக் தாளில் பூசிய உலோகப் படலம், மின்சாரம் எகிறும்போது ஒரு புள்ளியில் கருகி, அந்த இடத்தைத் தானே விலக்கிக்கொள்ளும். பொருள் பிழைக்கும், ஆனால் பரப்பு குறையும். ஈரம் புகுந்தால் படலம் அரிபடும். உப்புக் காற்று வீசும் துறைமுகப் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 0.47 சுருங்கி 0.15 ஆனால் 10 மில்லி அம்பியரும் தேறாது. றிலே ஓய்ந்திருக்கையில் மீற்றர் 24 வோல்ட்டைச் சரியாகவே காட்டும். றிலே இழுத்ததும் வோல்டேஜ் சரியும், போர்டை இயக்கும் ஐசி அணைந்து மறுபடி எழும், றிலே விடும், மறுபடி இழுக்கும். இந்த டக்டக் சத்தத்தைக் கேட்டு றிலேயை மாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம் றிலே.

2022இல் நாடு டொலரின்றித் தவித்து, மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில், போய்ப்போய் வந்த மின்சாரம் இப்படலங்களுக்கு நல்லதாக இருந்திருக்க முடியாது. ரூபாயும் சரிந்ததில், "எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கு" என்ற பேச்சு எடுபடவில்லை. என் பார்வையில், எறிய வேண்டிய பொருளென்று இந்தப் போர்டுக்கு வந்த கெட்ட பெயர் நியாயமற்றது. பெரும்பாலும் ஒரு கண்டென்சர்தான் குற்றவாளி. ஆனால் அதே அளவு, லைன் மின்சாரத்துக்கென்றே செய்த எக்ஸ்2 போட வேண்டும். கைக்குக் கிடைத்த 400 வோல்ட் டீசி கண்டென்சர் நாளை தீப்பிடிக்கலாம். "கூடுதலாக இருக்கட்டும்" என்று 1 மைக்ரோபரட் போட்டால், மிகுதி மின்னோட்டத்தை விழுங்கி வோல்டேஜை நிலைநிறுத்தும் ஸீனர் டயோடு வேகும்.

போர்டின் எந்த மூலையும் லைன் மின்சாரத்தோடு ஒட்டியிருப்பதால், கவனமாக வேலை செய்பவர்கள் மேசையில் 1:1 ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் வைக்கிறார்கள். பெட்டியிலிருந்து விரட்டியது மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. அதுவும் முழுக் காப்பு அல்ல: அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் சுவரிலுள்ள ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது.

அதைவிட நல்ல வழி, லைன் மின்சாரமே கொடுக்காமல் ஸீனரின் இரு காலிலும் வெளியிலிருந்து 24 வோல்ட் டீசி கொடுத்துப் பார்ப்பது. றிலே ஒழுங்காக இழுத்து நின்றால் போர்டு நலம். தேய்ந்த கண்டென்சரை மட்டும் மாற்றினால் போதும். வேலை கால் மணித்தியாலம். கூலி சொல்லும்போதுதான் சங்கடம். அன்று ட்ரான்ஸ்போமரின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துப் பேசாமல் கொடுத்தவர், இன்று கழற்றிய ரொபியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு?" என்கிறார்.