நாய்க்குட்டியை குரூமிங்குக்குப் பழக்குதல்

நாய்க்குட்டியை குரூமிங்குக்குப் பழக்குதல் என்பது, குளியல், முடி சீவுதல், முடி வெட்டுதல், நகம் வெட்டுதல் ஆகியவற்றை இளம் நாய் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும்படி படிப்படியாகப் பயிற்றுவிக்கும் முறையாகும். முடி தொடர்ந்து வளரும் பூடில் போன்ற இனங்களுக்கு இது இன்றியமையாதது. பூடிலின் உதிர்ந்த முடி பெரும்பாலும் கீழே விழாமல் சுருள்களுக்குள் சிக்கிச் சடையாகிறது. சடை இறுகினால் தோல் இழுபட்டு வலிக்கும். அடியில் ஈரம் தங்கிப் புண்ணும் உண்டாகலாம். ஆகவே இந்நாய்கள் பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை குரூமரிடம் கொண்டுசெல்லப்படுகின்றன.

ஏற்ற வயது

குட்டி பிறந்த 3 ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 12 முதல் 14 வாரம் வரையிலான காலம் சமூகமயமாதல் காலம் எனப்படுகிறது. புதிய ஒலிகளையும் தொடுதல்களையும் குட்டி எளிதில் ஏற்கும் பருவம் இதுவே. ஆனால் பார்வோ வைரசு போன்ற நோய்களுக்கான தடுப்பூசித் தொடர் 16 வாரம் அல்லது அதற்குப் பின்னரே நிறைவடைகிறது. அதுவரை காத்திருந்தால் பழக்குவதற்குரிய சிறந்த பருவம் கடந்துவிடும். எனவே வீட்டில் உடனே பயிற்சியைத் தொடங்கி, குரூமரிடம் எப்போது கொண்டுசெல்லலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

வீட்டுப் பயிற்சி

பாதம், காது, வாய், வால் ஆகியவற்றை நாளும் சில நிமிடங்கள் மென்மையாகத் தொட வேண்டும். முதலில் தொடுதல், உடனே தின்பண்டம் என்ற வரிசை முக்கியமானது. இவ்வாறு செய்தால், தொடுதல் நல்லதொன்றின் அறிகுறி எனக் குட்டி கற்றுக்கொள்ளும். முடிவெட்டும் இயந்திரத்தை முதலில் அணைத்த நிலையில் காட்டி, பின்னர் தொலைவில் இயக்கி, குட்டி அமைதியாக இருந்தால் மட்டுமே அருகில் கொண்டுவர வேண்டும். நகத்தினுள் இரத்தக்குழாயும் நரம்பும் இருப்பதால், நுனியை மட்டும் வெட்ட வேண்டும்.

முதல் வருகை

முதல் வருகையில் முழு முடிவெட்டு தேவையில்லை. மேசையில் நிற்றல், குளியல், உலர்த்தியின் ஒலி, முகத்திலும் பாதத்திலும் சிறிதளவு வெட்டு ஆகியவை போதுமானவை. மேசையில் கழுத்துக் கயிறு மாட்டிய நாயை ஒரு நொடியும் தனியே விடக்கூடாது. அது குதித்தால் கழுத்து நெரிபடும்.

அச்சத்தின் அறிகுறிகள்

உதட்டை நக்குதல், அடிக்கடி கொட்டாவி விடுதல், வாலை ஒடுக்குதல், கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்த்தல், உறைந்து நிற்றல் ஆகியவை அச்சத்தைக் காட்டலாம். அசையாமல் நிற்கும் நாயைப் பழகிவிட்டதாகக் கருதுவது பொதுவான தவறாகும். இந்நிலையில் வலுக்கட்டாயமாகப் பிடித்து வேலையை முடித்தால், அச்சம் வேரூன்றி, பிற்காலத்தில் கடிக்கும் பழக்கமாக மாறக்கூடும். வேலையை நிறுத்தி, முந்தைய எளிய படிக்குத் திரும்புவதே சரியானது.

முடி மாறும் பருவம்

பூடிலின் மென்மையான குட்டிமுடி, பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டிய மாதங்களில், அடர்ந்த முதிர்முடியாக மாறுகிறது. அப்போது சடை மிக விரைவாக விழும். இறுகிய சடையை இழுத்துப் பிரிப்பதைவிட முடியைக் குட்டையாக வெட்டிவிடுவது நாய்க்கு வலி குறைந்த வழியாகும். முடி மீண்டும் வளர்ந்துவிடும்.