பாறைக் குழியில் ஒரு கடல்

சுற்றுலா என்றதும் நம்மவர் பலருக்குப் போர்ட்டிக்சன் கடற்கரையே நினைவுக்கு வரும். மணலில் ஆடி, கட்டுச்சோறு உண்டு திரும்பிவிடுகிறோம். ஆயின், கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவான் முனையின் அடியில், நீர் வற்றும் வேளையில் வெளிப்படும் பாறைக் குழிகளை நின்று நோக்கியவர் சிலரே.

சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால், அங்குக் கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. மலாய் மீனவர் ஏற்றத்தைப் 'பாசாங்' என்றும் வற்றத்தைச் 'சூருட்' என்றும் கூறுவர். இரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ 6 மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகுதியாக வற்றும்.

அப்போது குழிகளில் தேங்கும் நீரே சிற்றுயிர்களின் புகலிடம். அவற்றின் வாழ்வு எளிதன்று. வெயிலில் நீர் சூடேறி உப்பு மிகும். பெருமழையில் உப்புக் குறையும். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு, ஓட்டின் வாயை இறுக மூடி ஈரத்தைக் காக்கும். கடற்சாமந்தி தன் இதழ் போன்ற கைகளைச் சுருக்கிக்கொள்ளும். துறவி நண்டு, இறந்த நத்தையின் ஓட்டில் குடியிருந்து, உடல் வளர்ந்ததும் பெரிய ஓட்டிற்குக் குடிபெயரும். ஆகவே, நாம் பொறுக்கிவரும் ஓடு ஒரு நண்டின் வீடாகவும் இருக்கலாம்.

ஓராண்டு, மாணவன் ஒருவன் நட்சத்திர மீன் ஒன்றைப் பால் டின்னில் இட்டு ஆசையுடன் கொண்டுவந்தான். தோட்டத்தை அடையுமுன் அஃது இறந்துவிட்டது. அவன் வழியெல்லாம் அழுதான். சிறிதளவு நீர் விரைவில் சூடேறும். அதில் கரைந்துள்ள உயிர்வளியும் தீர்ந்துவிடும். புறப்படுமுன் இதனை விளக்காத குற்றம் என்னுடையதே.

ஆழ்ந்த நீரில் உள்ளவற்றைக் காண, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வேண்டும். நீர் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும். இடையே காற்று இருந்தால் தெளியும். அவ்வாறு காணும்போது பொருள்கள் அருகிலும் பெரிதாகவும் தோன்றும். குழாய் நீளமானால் ஆழம் செல்லலாம் என எண்ணாதீர். ஆழத்தில் நீரின் அழுத்தம் மார்பை நெருக்க, மூச்சை இழுக்க இயலாது. இதற்கு ஏற்ற தெளிந்த நீர், 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கெடாவின் பூலாவ் பாயார் போன்ற தீவுகளில் உண்டு.

பெற்றோர்களே! நீந்தத் தெரியாத பிள்ளையைக் கடலில் தனியே விடாதீர்கள். பாறைக்குச் செல்லுமுன் நீர் ஏறும் நேரத்தை அறிந்து, அதற்கு முன்னரே கரை திரும்புங்கள். காலணி அணிக. கூம்பு வடிவ நத்தையைத் தொடாதீர்கள். அதன் நஞ்சு உயிரையே போக்கக்கூடும். புரட்டிய கல்லை முன்போலவே வையுங்கள். அதன் அடியில் வாழும் உயிர்கள் வெயிலில் மாண்டுவிடும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது கல்லன்று, உயிர்களின் கூட்டம்.

கண்ணால் கண்டதை ஏட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். உயிரைக் கடலிலேயே விட்டுவாருங்கள்.