கடாரத்து யானை: பழக்கமும் பணியும் விலையும்

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டினப்பாலை நிரல்படக் கூறுகிறது. கடல்வழி வந்த குதிரைகள் அந்நிரலில் முதலிடம் பெறுகின்றன. காழகத்திலிருந்து வந்த பொருள்களும் அதில் இடம்பெறுகின்றன. காழகம் என்பது கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். அக்கடாரமே இன்று மலேசியாவின் வடமேற்கில் உள்ள கெடா மாநிலம் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. குதிரையைக் கடல்வழி வாங்கிய தமிழகம், பிற்காலத்தில் கெடாவிலிருந்து யானையையும் அவ்வாறே வாங்கியது.

இவ்விரு விலங்குகளுக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. பழக்கி முடித்த விலங்கு எப்பணிக்கு உரியது? அப்பணிக்கு அதனை வாங்குவோர் யார்? விடை பொருந்தியபோது விற்றவனுக்கு ஆதாயம், வாங்கியவனுக்குப் பயன், விலங்குக்கும் நல்வாழ்வு. விடை பிழைத்தபோது பாகன் உயிரிழப்பதும் விலங்கு சங்கிலியில் நலிவதும் நேர்ந்தன. கெடாவின் யானை வாணிகம் இவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும்.

பழக்கமே பண்டம்

யானை கருவுற்று ஈனுவதற்கு ஏறத்தாழ 22 மாதங்கள் ஆகும். பிறந்த கன்று முழுப்பணிக்கு ஏற்றதாக வளர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செல்லும். அத்துணைக் காலம் தீனியிட்டு வளர்ப்பதைவிட, காட்டில் வளர்ந்ததைப் பிடித்துப் பழக்குவதே சிக்கனமாக இருந்தது. ஆகவே யானையின் விலையில் பெரும்பகுதி அதற்கு ஊட்டப்பட்ட பழக்கத்திற்கே உரியது எனலாம்.

யானைப் பாகர் வடசொற்களைச் சொல்லி யானையைப் பயிற்றும் காட்சி முல்லைப்பாட்டில் வருகிறது. தமிழ்ப் பாகர் வடசொல்லை ஏன் ஆண்டனர் என்பது ஆசிரியர்கள் வகுப்பில் எழுப்பத்தக்க வினா. ஏவற்சொற்கள் நாடுதோறும் வேறுபடாமல் ஒரு பொது வழக்காக நின்றால், உரிமையாளரும் பாகரும் மாறிய பின்னரும் யானை பணி செய்யும். இவ்வசதியும் அதற்கு ஒரு காரணமாகலாம். மலாய் மொழியில் யானையைக் குறிக்கும் ‘காஜா’ என்பதும், தமிழில் வழங்கும் ‘கயம்’ என்பதும் ‘கஜ’ என்ற ஒரே வடசொல்லின் வழிவந்தவையே. விலங்கோடு அதன் பெயரும் கடல் கடந்திருக்கிறது.

நால்வகைப் பாகுபாடு

எந்த யானை எதற்கு உரியது என்பதைக் கௌடலியரின் பொருள்நூல் நான்காகப் பிரிக்கிறது. பழக்கத் தொடங்கியது, போருக்கு உரியது, ஊர்தற்கு உரியது, அடங்காதது என்பன அவை. போர் யானைக்கு ஏழு பயிற்சிகள் கூறப்படுகின்றன. திரும்புதல், முன்னேறுதல், மிதித்துக் கொல்லுதல், பிற யானையோடு பொருதல், மதில்சூழ் நகரைத் தாக்குதல் ஆகியவை அவற்றுட் சில. ஊர்தி யானை எட்டு வகைப்படும். கோலால் செலுத்தப்படுவது, தோட்டியால் செலுத்தப்படுவது, இவை ஒன்றுமின்றியே செல்வது என்னும் வேறுபாடுகள் அதில் அடங்கும். நாற்பது வயது யானை தலை, முப்பது வயது இடை, இருபத்தைந்து வயது கடை என்பதும் அந்நூலின் மதிப்பீடு.

அக்பர் காலத்து அபுல் ஃபஸ்லும் தம் ‘அயினி அக்பரி’யில் அரசு யானைகளை ஏழு வகையாக்கி, வகைதோறும் உணவின் அளவைக் குறித்தார். வகையறியாமல் தீனியிட்டால் கருவூலம் இளைக்கும் என்பதை அக்கால ஆட்சியாளர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கெடாக் கரையில்

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவன் கடாரத்து மன்னனை யானைகளோடு கைக்கொண்டதாகக் கூறுகிறது. அப்படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அன்று போரில் கொள்ளப்பட்ட கடார யானை, 17-ஆம் நூற்றாண்டில் விலைக்குப் பெறும் பண்டமாக இருந்தது. நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து சூலியர் எனப்பட்ட தமிழ் முசுலிம் வணிகர் துணிப்பொதிகளோடு கெடாவுக்குச் சென்றனர். வெள்ளீயமும் யானையும் கொண்டு மீண்டனர். கெடா மன்னர் யானை விற்பனையைத் தம் உரிமையாக வைத்திருந்தனர்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் யானை இருக்க, கடல் கடந்து வாங்கியது ஏன் என்ற ஐயம் எழலாம். தென்னாட்டு அரசுகள் ஒன்றோடொன்று பொருத காலம் அது. அவற்றின் தேவை பெரிது. துணி விற்ற வணிகருக்கும் திரும்பும் கப்பலில் ஏற்றத்தக்க உயர்ந்த பண்டம் வேண்டியிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே வாணிகத்தை வளர்த்தன.

கெடாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் கடல். யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் நீர் வேண்டும். இருபது நாள் வழி என்று கொண்டால், ஒரு யானைக்கே 2,000 லிட்டர் நன்னீரைக் கப்பலில் சுமக்க வேண்டும். தழையும் புல்லும் இதற்குப் புறம்பு. மருண்ட யானை கப்பலையே கவிழ்க்கவல்லது. எனவே கட்டுண்டு அமைதியாக நிற்கவும், பாகன் சொற் கேட்கவும் பழகாத யானையைக் கடலேற்றுவது பேரிடர். பழக்கத்தின் மதிப்பு துறைமுகத்திலேயே வெளிப்பட்டது.

வாங்குவோர் கண்

இதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பெரிய யானைச் சந்தை நடந்தது. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஆண்டுதோறும் அங்கே யானை விற்றனர். வன்னியிலிருந்து யானைகள் நடத்திவரப்பட்ட வழியை ஆனையிறவு என்ற பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. அச்சந்தையில் உயரத்தை அளந்து விலை கூறினர். குறை கண்டால் விலையைக் குறைத்தனர். இலங்கை ஆண் யானைகளுள் தந்தமுடையவை மிகச் சில. ஆதலின் கொம்பனுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ஆயினும் உயரமும் தந்தமும் மட்டுமே பணியைத் தீர்மானிப்பதில்லை. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் காலத்தில் வாரக்கணக்கில் பணி நின்றுபோகும். நாள்தோறும் சுமை செல்ல வேண்டியவனுக்கு ஓங்கிய கொம்பனைவிட அமைந்த பிடியே சிறந்தது. சுமை யானைக்கு முதுகும் உள்ளங்காலும் முதன்மை; ஆறாத முதுகுப்புண் ஒன்று அதன் பணியையே முடித்துவிடும். கோயில் யானைக்கு வலிமையினும் பொறுமை பெரிது. கொட்டும் பறை, தீவட்டி, நெருங்கும் கூட்டம் ஆகியவற்றிடையே அது நிலைகலங்காது நிற்க வேண்டும். 18 அல்லது 20 நகம் நன்று என்று ‘மாதங்க லீலை’ இலக்கணம் கூறுகிறது. நகத்தை எண்ணுவது எளிது. குணத்தை அறியப் பாகனோடு பல நாள் பழகிப் பார்த்தல் வேண்டும்.

பணி மாறிய காலம்

1687-இல் கோல்கொண்டா அரசு வீழ்ந்தது. அதற்கு முன்னரே தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673-இல் முடிவுற்றது. யானைப்படை வைத்திருந்த அரசுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பீரங்கியின் முன் போர் யானையும் மதிப்பிழந்தது. மலாய் நிலத்தில் யானை வேறு பணிகளில் நிலைத்தது. காட்டுவழிகளில் வெள்ளீயத்தையும் மூட்டைகளையும் மக்களையும் அது சுமந்தது. 1879-இல் பேராக்கில் பயணம் செய்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கில மாது, யானைமேல் சென்ற இடர்களைத் தம் நூலில் விரித்துரைத்துள்ளார்.

1909-க்குப் பின் கெடாவில் பிரிட்டிசாரின் செல்வாக்கு ஓங்கிற்று. கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். 1918-இல் இருப்புப்பாதை பாடாங் பெசார் வரை எட்டியது. சாலையில் மாட்டுவண்டியும் பின்னர் லாரியும் ஓடின. யானை சுமந்த சுமையை அவை ஏற்றுக்கொண்டன. காடு தோட்டமானதால், பணியாளாக இருந்த யானை பயிரழிக்கும் பகையாகவும் கருதப்படலாயிற்று.

தோட்டத்து எல்லையில்

இங்கே பழக்கிய யானைக்குப் புதுப்பணி பிறந்தது. மலேசிய வனவிலங்குத் துறை 1974-இல் யானைகளுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. இந்தியாவின் அசாமிலிருந்து பழக்கிய யானைகள் வரவழைக்கப்பட்டன. தோட்டத்தில் புகுந்த காட்டு யானைக்கு மயக்க ஊசி செலுத்துவர். பின் பழகிய யானைகள் இரண்டு அதனை இருபுறமும் அணைத்து லாரிவரை நடத்திச் செல்லும். அங்கிருந்து அது பெருங்காட்டில் கொண்டுவிடப்படும். தமிழ்நாட்டில் இத்தகைய யானையைக் ‘கும்கி’ என்பர். உதவி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்த பெயர் அது. கெடாவில் சிக், பாலிங் வட்டாரங்களிலும் உலு மூடாக் காட்டை ஒட்டிய ஊர்களிலும் யானைச் சிக்கல் புதிதன்று.

இந்தியாவுக்கு யானை விற்ற மலாய் நிலம், பழக்கிய யானைக்காக இந்தியாவை நாட நேர்ந்தது. காட்டில் யானை இருந்தும் அதனைப் பழக்கும் கலை குன்றியதே இதற்குக் காரணம். ஆசிய யானையின் பன்னாட்டு வாணிகத்திற்கு 1975 முதல் கடுந்தடை உள்ளது. ஆதலின் விலை பேசும் சந்தை இனி இல்லை. ஆயினும் கும்கிப் பணிக்குச் சினமிகுந்ததைத் தேர்ந்தால் காட்டு யானையோடு அது பொரும். அஞ்சுவதைத் தேர்ந்தால் விலகி ஓடும். உடலும் குணமும் பணியும் ஒத்திருக்கின்றனவா என்று பழைய சூலிய வணிகர் துறைமுகத்தில் ஆராய்ந்ததை, இன்றைய பாகர் காட்டோரத்தில் ஆராய்கின்றனர்.