கண்டுபிடிக்கும் கண்

நுழையும்முன்

கல்விச் சுற்றுலா சென்று திரும்பும் மாணவர்களின் திறன்பேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கலந்து வைத்தால், எந்தப் படத்தை எவர் எடுத்தார் என்று பிரித்தறிவது அரிது. ஒரே வாயில், ஒரே கோட்டை, ஒரே சிரிப்பு. காட்சி பொதுவானதாக இருப்பினும் பார்வை தமக்கே உரியதாக அமையும்போதுதான் ஒளிப்படம் படைப்பாகிறது. அப்பார்வையைப் பெறும் வழிகளைக் கருப்பொருள் பூங்கா என்னும் களத்தில் வைத்து விளக்குகிறது இப்பாடம்.

‘ஒளி’ என்றும் ‘எழுதுதல்’ என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையிலிருந்து பிறந்ததே ‘போட்டோகிராபி’ என்னும் சொல். எழுத்தறிந்தோர் அனைவரும் கவிஞர் ஆவதில்லை; அதுபோலக் கருவியின் பொத்தானை அழுத்தத் தெரிந்தோர் அனைவரும் ஒளிப்படக் கலைஞர் ஆவதில்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் தெரிவே இவ்விரு கலைகளுக்கும் அடிப்படையாகும்.

இத்தெரிவைப் பழகுவதற்குத் ‘தீம் பார்க்’ என வழங்கப்படும் கருப்பொருள் பூங்கா ஏற்றதொரு களம். வண்ணம், ஒளி, விரைவு, விதவிதமான முகங்கள் ஆகிய அனைத்தும் அங்கு மிகுந்துள்ளன. அம்மிகுதியே இடர்ப்பாடாகவும் அமைகிறது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க முயல்பவரின் படத்தில் எதுவும் தெளிவாக நிற்பதில்லை.

பார்ப்பதற்காகவே கட்டப்பட்ட இடம்

திருவிழாத் திடலில் இராட்டினங்கள் தனித்தனியே நிற்கும். கருப்பொருள் பூங்காவிலோ கட்டடம், இசை, பணியாளர் உடை, பாதையின் வளைவு ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும் வகையில் அமைக்கப்படுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அனாஹெய்ம் நகரில் 1955ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து, இவ்வகைப் பூங்காக்களுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது.

அங்குள்ள ‘உறங்கும் அழகியின் கோட்டை’ 77 அடி உயரமே உடையது. ஆயினும், காண்போர்க்கு அது மேலும் உயர்ந்ததாகவே தோன்றுகிறது. சுவரில் கீழே பெரியனவாகக் காட்டப்பட்டுள்ள கற்கள் மேலே செல்லச் செல்லச் சிறியனவாக அமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். தொலைவில் உள்ளவை சிறியனவாகத் தெரியும் என்று பழகிய நம் கண், அச்சிறிய கற்களைக் கண்டு அவை மிக உயரத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. நிலைதோறும் சிறுத்துச் செல்லும் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு, இத்தோற்றம் புதியதன்று.

எங்கு நின்று எடுத்தால் படம் அழகாக வரும் என்று காட்டும் பலகைகளும் டிஸ்னி பூங்காக்களில் வைக்கப்பட்டிருந்தன. படச்சுருள் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் பெயர் பல ஆண்டுகள் அப்பலகைகளில் இடம்பெற்றிருந்தது. அங்கு நின்று எடுக்கும் படம் குறையற்றதாக இருக்கலாம். ஆனால், அது வடிவமைப்பாளர் முன்பே கண்டுவைத்த படம். அதனை ஒருமுறை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. எடுத்தபின் அங்கிருந்து பத்தடி விலகி நடக்கும்போதுதான் படைப்பு தொடங்குகிறது.

நிற்கும் இடமும் சட்டகமும்

பெரும்பாலோர் நின்ற நிலையில், கண் மட்டத்தில் கருவியைப் பிடித்தே படமெடுக்கின்றனர். அதனால் படங்கள் யாவும் ஒரே உயரத்திலிருந்து பார்த்தவையாகவே அமைகின்றன. திறன்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் வில்லை தரையை ஒட்டி இருக்கும்படி பிடித்துப் பார்க்கலாம். அப்போது மூன்று படிக்கட்டுகள் மலைச்சரிவாகத் தோன்றும்; ஓடிவரும் குழந்தை கோட்டையைவிட உயர்ந்து நிற்கும்.

அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும் என்னும் இயல்பைக் கொண்டு நாமும் விளையாடலாம். நண்பர் ஒருவரை அருகில் நிறுத்தி, நெடுந்தொலைவிலுள்ள இராட்டினத்தை அவர் உள்ளங்கையில் ஏந்தியிருப்பதுபோல் காட்டலாம். கோட்டையை எழுப்பிய கலைஞர்கள் கற்களைக் கொண்டு செய்ததை, ஒளிப்படக் கலைஞர் தாம் நிற்கும் இடத்தைக் கொண்டு செய்கிறார்.

சட்டகம் என்பது படத்தின் நான்கு ஓரங்கள் மட்டுமன்று. குதிரை இராட்டினத்தின் இரு குதிரைகளுக்கு இடைப்பட்ட வெளி, வளைவு வாயில், வேலிக் கம்பிகளின் இடைவெளி ஆகியனவும் காட்சிக்குள் அமைந்த சட்டகங்களே. பொத்தானை அழுத்துமுன் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்த்தல் நன்று. தலைக்குப் பின்னால் முளைத்தாற்போல் நிற்கும் விளக்குக் கம்பம், ஓர் அடி நகர்ந்தாலே மறைந்துவிடும்.

காலத்தை ஆளுதல்

பூங்காவின் உயிர் இயக்கத்தில் இருக்கிறது. அசையாத படத்தில் அசைவைக் காட்டுவது எவ்வாறு? ஒளிப்பட வரலாற்றின் இரு படங்கள் இதற்கு விடை தருகின்றன.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி தாகேர், 1838ஆம் ஆண்டு பாரிசு நகரின் தெரு ஒன்றைப் படமெடுத்தார். பகல் வேளையாயினும் அப்படத்தில் தெரு ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதிவாகச் சில நிமிடங்கள் தேவைப்பட்டமையால், சென்றுகொண்டே இருந்த மனிதர்களும் வண்டிகளும் அதில் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்ற மனிதரின் உருவம் மட்டும் தெளிவாகப் பதிந்தது. இதற்கு மாறாக, 1878ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கருவிகளை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையை மிகக் குறுகிய நேர அளவில் படமெடுத்தார். ஓட்டத்தின் ஒரு கட்டத்தில் குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு உயர்ந்திருப்பதை அப்படங்கள் உலகிற்குக் காட்டின. நீண்ட நேரம் அசைவை மறைக்கிறது. குறுகிய நேரம் கண்ணுக்கு எட்டாத அசைவையும் காட்டுகிறது.

இந்நேரத்தை அளந்து தருவது ‘ஷட்டர்’ எனப்படும் மூடுதிரை. மணிக்கு 72 கி.மீ. விரைவில் பாயும் ரோலர் கோஸ்டர், ஒரு நொடியில் 20 மீட்டரைக் கடக்கிறது. மூடுதிரை 1/50 நொடி திறந்திருந்தால், அந்நேரத்தில் வண்டி 40 செ.மீ. நகர்ந்துவிடும், உருவம் கலங்கும். 1/1000 நொடி மட்டுமே திறந்திருந்தால் அது நகர்வது 2 செ.மீ. அளவே, தெறிக்கும் நீர்த்துளியும் காற்றில் முத்தாக நிற்கும்.

எனினும், முற்றிலும் உறைந்த வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்னும் ஐயத்தை ஏற்படுத்தலாம். அப்போது மூடுதிரையை 1/30 நொடி அளவில் வைத்து, வண்டி செல்லும் திசையிலேயே கருவியையும் சீராகத் திருப்பியவாறு படமெடுக்க வேண்டும். வண்டி ஓரளவு தெளிவாகவும், பின்புலம் கோடுகளாகவும் பதியும். பத்து முறை முயன்றால் ஓரிரு படங்களே நன்கு அமையும். அதில் சோர்வடைய வேண்டியதில்லை.

இரவில் இராட்டினம் தானே ஓவியம் வரையும். 20 நொடிக்கு ஒருமுறை சுற்றும் இராட்டினத்தை நோக்கி மூடுதிரையை 5 நொடி திறந்து வைத்தால், அதன் ஒவ்வொரு விளக்கும் கால்வட்டம் ஒன்றை வரைந்துவிடும். அந்நேரம் முழுவதும் கருவி அசையாதிருத்தல் வேண்டும். முக்காலிக்கு இசைவு இல்லாத இடத்தில், உறுதியான சுவரின்மேல் கருவியைச் சாய்த்து வைத்து, தாமதப் பொத்தானைப் பயன்படுத்தலாம். திறன்பேசிகள் பலவற்றில் மூடுதிரை நேரத்தை நாமே மாற்றும் வசதி உள்ளது.

ஒளியறிதல்

நண்பகல் வெயில் முகங்களில் கண்களுக்குக் கீழே கரிய நிழலைப் படியச் செய்கிறது. அவ்வேளையில் கூரைகளின் நிழலையும், நிலத்தில் விழும் இராட்டின நிழலின் கோலத்தையும் பாடுபொருளாகக் கொள்ளலாம். மாலை வெயில் பக்கவாட்டிலிருந்து விழுவதால், பொருள்களின் மேடுபள்ளங்கள் துலங்கும். கதிரவன் மறையும் திசையை நோக்கி நின்று, ஒளிமிக்க வானத்திற்கு ஏற்பக் கருவியை அமைத்தால், முன்னே நிற்பவை நிழலுருக்களாக மாறும். கதிரவன் மறைந்தபின் வானம் கருநீலமாக இருக்கும் சிறுபொழுதில் வான்ஒளியும் விளக்கொளியும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். விளக்குகளைப் படமெடுக்க அதுவே உகந்த நேரம். மழை பெய்து ஓய்ந்த தரையும் வீணன்று. ஒரு சிறு நீர்த்தேக்கத்தின் அருகே குனிந்தால், முழு இராட்டினமும் அதற்குள் தலைகீழாகத் தெரியும்.

காத்திருத்தல்

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1932ஆம் ஆண்டு எடுத்த புகழ்பெற்ற படமொன்றில், நீர் தேங்கிய நிலத்தின்மேல் ஒருவர் தாவுகிறார். குதிகால் நீரைத் தொடவிருக்கும் அக்கணமே படமாகியுள்ளது. ஒரு நொடி பிந்தியிருந்தால், அது நீரில் நடக்கும் ஒருவரின் படமாக மட்டுமே இருந்திருக்கும்.

பூங்காவின் சவாரிகள் ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் வருபவை. முதல் சுற்றில் படமெடுக்காமல் உற்றுநோக்கினால், எந்த வளைவில் முகங்கள் மலர்கின்றன, எந்த இறக்கத்தில் கைகள் உயர்கின்றன என்பது புலப்படும். அடுத்த சுற்றில் அவ்விடத்திற்கு நேரே காத்திருக்கலாம்.

சவாரிகளில் இருந்து கண்ணைத் திருப்பினாலும் காட்சிகள் உண்டு. வரிசையில் பொறுமையிழந்து தந்தையின் விரலை இழுக்கும் சிறுவன், பாதுகாப்புப் பட்டையைச் சரிபார்க்கும் பணியாளரின் கைகள், வெயிலில் கனத்த பொம்மை உடை அணிந்து ஆடிவிட்டு நிழலில் தண்ணீர் அருந்துபவர் ஆகியோரை எந்த அறிவிப்புப் பலகையும் சுட்டுவதில்லை. பூங்காவின் கதையை நாள்தோறும் இயக்குவோர் இவர்களே.

எடுக்கக் கூடாத படம்

படைப்புரிமை எல்லையற்றதன்று. ஓடும் சவாரியில் கையிலிருந்து நழுவும் திறன்பேசி, கீழே நிற்பவர்மேல் எறிந்த கல்லாகும். நீட்டிப் பிடிக்கும் தற்படக் கோல்களை டிஸ்னி பூங்காக்கள் 2015ஆம் ஆண்டு பாதுகாப்புக் கருதித் தடைசெய்தன. ஒரு படத்திற்காக வேலியைத் தாண்டுவதும், கைப்பிடியை விடுவதும் திறமையல்ல.

பிறருடைய முகம் பிறருக்கே உரியது. உழைப்பவரைப் படமெடுக்க விரும்பினால் இசைவு கேட்டல் வேண்டும். எடுத்த படத்தை அவருக்குக் காட்டுதல் நன்று. நீர் விளையாட்டுப் பகுதியில் அறியாதவர்களைப் படமெடுப்பதும், பிறர் குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் அறியாமல் இணையத்தில் பகிர்வதும் கூடா. நனைந்த உடையுடன் நிற்கும் ஒரு பெண், யாருடைய திறன்பேசியையும் அஞ்சாமல் மகிழ்ந்து விளையாடும் உரிமை, நாம் எடுக்க விரும்பும் எந்தப் படத்தைவிடவும் பெரியது.

குறைவாக எடுத்தல்

படச்சுருள் காலத்தில் ஒரு சுருளில் 24 அல்லது 36 படங்களே எடுக்க இயலும். ஆகவே, ஒவ்வொரு படத்திற்கும் முன்னர் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இன்று கருவிக்கு அவ்வரம்பு இல்லை. நாமே அதனை விதித்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு 36 படங்கள் என முடிவு செய்துகொண்டு பூங்காவிற்குள் நுழைபவர், பிற நேரங்களில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு இராட்டினத்தில் ஏறுவார், நண்பரோடு சிரிப்பார், கண்ணால் காண்பார். அவ்வாறு கண்டவற்றிலிருந்துதான் அடுத்த படம் பிறக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காகப் பொறியாளர் ஜார்ஜ் பெரிஸ் 264 அடி உயர இராட்டினத்தை அமைத்தார். அதன் 36 பெட்டிகளில், பெட்டிக்கு 60 பேர் வீதம் 2160 பேர் ஏறலாம். இராட்சத இராட்டினம் ஆங்கிலத்தில் ‘பெரிஸ் வீல்’ என்று வழங்கப்படுவது இவர் பெயராலேயே ஆகும்.

கலைச்சொல் அறிவோம்

ஷட்டர் – மூடுதிரை
லென்ஸ் – வில்லை
பிரேம் – சட்டகம்
சில்ஹவுட் – நிழலுரு
டிரைபாட் – முக்காலி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தை ஐந்து வெவ்வேறு இடங்களில் நின்று படமெடுத்து, ஒவ்வொன்றும் உணர்த்தும் கருத்தை இரண்டு வரிகளில் எழுதுக.

2. மணிக்கு 36 கி.மீ. விரைவில் செல்லும் மிதிவண்டி, 1/500 நொடியில் எவ்வளவு தொலைவு நகரும் எனக் கணக்கிடுக.

3. ‘இசைவின்றி எடுக்கும் படம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.