காற்றில் கலந்த வியாபாரம் – 9: ஆள் இல்லாத ஸ்டூடியோ

2002 ஜனவரி 18. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே உள்ள மைனாட் நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மைனஸ் 21 டிகிரி குளிர். ஊருக்கு மேற்கே, கனேடியன் பசிபிக் சரக்கு ரயிலின் 31 பெட்டிகள் தடம் புரண்டன. ஐந்து டேங்கர்கள் அங்கேயே பிளந்துகொண்டன. உள்ளே இருந்தது வயலுக்கு உரமாகப் போடும் நீரற்ற அம்மோனியா. மூச்சில் ஏறினால் தொண்டையும் நுரையீரலும் வெந்துவிடும். அது வெள்ளை மூட்டமாகக் குடியிருப்புகளின் மேல் படர்ந்தது.

வெளியே வராதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள், ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவசர எண்ணில் கதறியவர்களுக்கு இதைத்தான் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் சொல்ல வானொலி இருந்தது. அவசர அறிவிப்புக்கென்றே குறித்து வைத்திருந்த நிலையம் கே.சி.ஜே.பி., 910 ஏ.எம். அங்கே போன் போட்டுப் பார்த்தோம், யாரையும் பிடிக்க முடியவில்லை என்றார்கள் போலீசார்.

வேறு நிலையத்துக்குப் போட்டிருக்கலாமே? மைனாட்டில் இருந்த வணிக வானொலி நிலையங்கள் ஆறு. ஆறுக்கும் முதலாளி ஒருவரே: கிளியர் சேனல் நிறுவனம். அதன் தலைமையகம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில்.

அன்றிரவு ஒருவர் இறந்தார். முந்நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நிலையத்தில் ஊழியர் இருந்தார், எச்சரிக்கைக் கருவியைப் போலீசார்தான் சரியாக இயக்கவில்லை என்றது நிறுவனம். விபத்தில் பல வீடுகளுக்கு மின்சாரமும் போயிருந்தது; அறிவிப்பு வந்திருந்தாலும் எத்தனை ரேடியோ பேசியிருக்கும் என்பதும் நியாயமான கேள்வியே. யார் பக்கம் தவறு என்ற வழக்கை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் ஓர் ஊரின் ஆறு நிலையங்களும் ஒரே கைக்கு எப்படிப் போயின என்பதற்குத் தெளிவான விடை இருக்கிறது. அதற்குத் தேதிகூட உண்டு: 1996 பிப்ரவரி 8.

அன்றுதான் அதிபர் பில் கிளிண்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு ஒரு நிறுவனம் நாடு முழுக்க 20 ஏ.எம்., 20 எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. புதிய சட்டம் அந்த உச்சவரம்பை அடியோடு எடுத்தது. பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. இதற்குச் சொன்ன காரணத்தையும் ஒதுக்கிவிட முடியாது: 90களின் தொடக்கத்தில் பல சிறு நிலையங்கள் நஷ்டத்தில் தள்ளாடின. ஒன்றாகச் சேர்ந்தால் செலவு குறையும், பிழைத்துக்கொள்வார்கள் என்றார்கள்.

சேர்ந்தார்கள். நாற்பது நிலையங்கள் அளவில் இருந்த கிளியர் சேனல் சில ஆண்டுகளிலேயே சுமார் 1,200 நிலையங்களுக்கு அதிபதி ஆனது. அதை நிறுவியவர்களில் ஒருவரான லோரி மேஸ் வானொலிக்காரரே அல்ல, முதலீட்டு வங்கியாளர். 1972இல் ஒரு எஃப்.எம். நிலையம் வாங்க ஆசைப்பட்ட நண்பரின் கடனுக்கு ஜாமீன் போட்டார். நண்பர் கழன்றுகொள்ள, நிலையம் இவர் தலையில் விழுந்தது. ஜாமீன் போட்டுக் கெட்டவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்!

பறிபோனது என்ன என்று புரிய, சிறு ஊர் நிலையம் ஒன்றின் காலைப்பொழுதைக் கேட்டிருக்க வேண்டும். பனி கொட்டினால் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை என்ற பட்டியல். இறந்தவர் பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரம். பிறகு ‘ஸ்வாப் ஷாப்’, ‘டிரேடியோ’ என்ற பெயர்களில் ஊருக்கு ஊர் ஓடிய வாங்கல் விற்றல் நிகழ்ச்சி. பழைய டிராக்டர் டயர் இருக்கிறது, நாய் குட்டி போட்டிருக்கிறது, சலவை இயந்திரம் பாதி விலைக்கு வேண்டும் என்று ஆளாளுக்குப் போனில் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்தாட்ட வர்ணனை. நடுவே விளம்பரம் தருபவர்கள் கார் விற்பவரும் மரச்சாமான் கடைக்காரரும். அறிவிப்பாளரை மறுநாள் மளிகைக் கடையில் நேரில் பார்த்து, “நேத்து என் கடைப் பேரைத் தப்பாச் சொல்லிட்டீங்களே” என்று சண்டை பிடிக்க முடியும்.

இந்த அறிவிப்பாளர்தான் முதல் பலி. ‘வாய்ஸ் டிராக்கிங்’ என்ற ஏற்பாடு வந்தது. எங்கோ ஒரு நகரத்தில் ஒருவர் மைக் முன் உட்கார்ந்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் பேச்சை மட்டும் பதிவு செய்வார். இடம் பார்த்துச் செருகிக்கொள்வது கம்ப்யூட்டரின் வேலை. நான்கு மணி நேர நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் பேசி முடித்துவிடலாம். அப்படியே அடுத்த ஊருக்கும், அதற்கடுத்த ஊருக்கும். ஊர்த் திருவிழா, பள்ளி அணியின் பெயர் எல்லாம் குறிப்புத்தாளில் வந்துவிடும். கால் வைத்தே இராத ஊரைப் பற்றி உரிமையோடு பேசலாம். நாடு முழுக்க நடந்த போட்டியை உள்ளூர்ப் போட்டி போலக் காட்டியதாகப் புகார் எழுந்து, புளோரிடா மாநிலத்தில் கிளியர் சேனல் 80,000 டாலர் கட்டிய கதையும் உண்டு.

அடுத்து வந்தது கடன். 2008இல் பெயின் கேபிடல், தாமஸ் எச். லீ என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலை வாங்கின. வாங்கும் பணத்தின் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் வாங்கியவர்கள் கணக்கில் ஏறாமல், வாங்கப்பட்ட நிறுவனத்தின் கணக்கிலேயே ஏறியது. ஏறக்குறைய 2,000 கோடி டாலர். கல்யாணச் செலவு முழுவதையும் மணப்பெண்ணின் பெயரிலேயே கடனாக எழுதி வைத்த மாதிரி. அந்த ஆண்டே பொருளாதாரம் சரிந்து விளம்பர வருமானம் விழுந்தது. 2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்ற அதே நாளில் 1,850 பேர் வேலையிழந்தார்கள். 2014இல் பெயரை ஐஹார்ட்மீடியா என்று மாற்றிக்கொண்டார்கள். பெயரை மாற்றினால் வட்டி குறையுமா? 2018 மார்ச்சில் திவால் மனு. அதற்கு நான்கு மாதம் முன்னதாக, இன்னொரு பெரிய வானொலி நிறுவனமான க்யூமுலஸும் திவால் நீதிமன்றப் படி ஏறியிருந்தது.

இன்டர்நெட் வந்தது, ரேடியோ செத்தது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கு வந்தது 2011இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்த 1,850 பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். விளம்பரத்தை கூகுளும் ஃபேஸ்புக்கும் பிடுங்கியது உண்மைதான். ஆனால் செல்போனில் கிடைக்காத ஒரே சரக்கு உள்ளூர்ச் சங்கதி. போட்டி வருவதற்கு முன்பே அதைத்தான் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. லைசென்ஸ் பெற்ற ஊரிலோ அதன் பக்கத்திலோ நிலையத்தின் முதன்மை ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகளாக இருந்தது. 2017 அக்டோபரில், அஜித் பாய் தலைமையில் இருந்த மத்திய தகவல் தொடர்பு ஆணையம் அதை 3–2 வாக்கில் நீக்கியது. தொழில்நுட்பம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023இல் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் லைவ் 95.5 நிலையம், அறிவிப்பாளர் ஒருவரின் குரலை நகலெடுத்த செயற்கை நுண்ணறிவை மைக் முன் உட்கார வைத்தது. வாய்ஸ் டிராக்கிங்குக்கு ஒரு மனிதரின் தொண்டையாவது தேவைப்பட்டது.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஊர் உண்டு. மிசோரி மாநிலத்தின் ஜோப்ளின். 2011 மே 22, ஞாயிறு மாலை. சூறாவளி ஊரைப் பிய்த்துப் போட்டது. இறந்தவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். அங்கிருந்த ஜிம்மர் குழுமத்து நிலையங்கள் பாட்டு, விளம்பரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே நேரலைக்கு மாறின. எந்தத் தெரு அடைபட்டிருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று பல நாள் இரவு பகலாகப் பேசினார்கள். ஜிம்மரும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் வைத்திருந்த நிறுவனம்தான். சேர்ந்திருப்பதே குற்றம் என்று சொல்ல இந்த ஊர் இடம் கொடுக்கவில்லை. அங்கே போனை எடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வேறொரு விவகாரமும் போனது. மின்சார கார்களில் ஏ.எம். ரேடியோவைச் சில கார் நிறுவனங்கள் எடுத்துவிட, எல்லாக் காரிலும் அது இருந்தாக வேண்டும் என்று 2023இல் ஒரு மசோதா வந்தது. ஆபத்துக் காலத்தில் மக்களைக் காப்பது ரேடியோதான் என்று வானொலி நிறுவனங்கள் வரிந்துகட்டி வாதாடின. காரில் பெட்டி இருக்க வேண்டும் என்றது மசோதா. ஸ்டூடியோவில் ராத்திரி ஆள் இருக்க வேண்டும் என்று அதில் எந்தப் பிரிவும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். வேல்ஸ் நாட்டின் முதல் வணிக வானொலியாக 1974இல் தொடங்கி, ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் பேசிய ஸ்வான்சி சவுண்ட், 2020இல் வேறு பெயருக்குள் காணாமல் போனது எப்படி?

(தொடரும்)