கரிசல் காட்டில் கூஸ் வாத்து

பங்குனி பிறந்தாலே கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் வாத்து வளர்க்கலாமா என்று கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். வயலும் வாய்க்காலும் தேடி மந்தையாக ஓட்டிக்கொண்டு போகிற சாதாரண வாத்தை நினைத்துச் சிரித்தால் அது சரிதான். ஆனால் நீண்ட கழுத்தும் அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்புமாக, வெள்ளையிலும் பழுப்பிலும் 'கூஸ் வாத்து' என்று விற்கிறார்களே, அது வேறு வகை. நீந்துவதைவிட மேய்வதில்தான் அதற்கு நாட்டம். பாதி வாத்து, பாதி ஆடு என்று வைத்துக்கொண்டால் அதை வளர்ப்பது எளிது.

உலகில் வீடுகளில் வளரும் கூஸ் வாத்துகள் இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. ஐரோப்பிய வகைகளுக்கு மூதாதை கிரேலேக் என்ற சாம்பல் நிறப் பறவை. புடைப்புள்ள சீன வகைக்கு மூதாதை கிழக்காசியாவைச் சேர்ந்தது. நம் பக்கம் காண்பது பெரும்பாலும் சீன வகைதான். வளர்ந்த சேவல் ஐந்து கிலோ வரை வரும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வந்து இறங்கும் வரித்தலை வாத்தும் இதே குடும்பம்தான் என்றாலும், அது காட்டுப் பறவை. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

கூஸ் வாத்தின் அலகைத் திறந்து பார்த்தால் ஓரங்களில் ரம்பப் பற்கள் போன்ற வரிசை தெரியும். புல்லைக் கவ்வித் தலையை ஒரு வெட்டு வெட்டினால் நுனி அறுந்து வந்துவிடும். அசைபோடும் வயிறு இல்லாததால் நாரை அதிகம் செரிக்க முடியாது; இளம்புல்லாகப் பார்த்து நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும். களைக்கொல்லி மருந்துகள் பரவுவதற்கு முன், அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் களையெடுக்கவே இவற்றை விட்டிருக்கிறார்கள். பருத்தி இலையைத் தொடாமல் அருகையும் கோரையையும் மட்டும் மேய்ந்துவிடும். பருத்தி விளைந்த நம் கரிசலில் இதை யாரும் பெரிதாகச் செய்து பார்க்காதது ஆச்சரியம்தான். ஐப்பசி மழை விழுந்து வரப்பெல்லாம் பச்சை பிடித்தால் தை வரை தீவனச் செலவு பாதியாகும். கோடையில் நாம்தான் கொடுக்கவேண்டும்: அகத்தி, முருங்கைக்கீரை, பொடியாக நறுக்கிய தீவனச்சோளம், தொட்டியில் வளர்த்த அசோலா.

தண்ணீர் விஷயத்தில் இதற்கு வேண்டியது குளம் அல்ல, ஆழமான பாத்திரம். தலை முழுக்க மூழ்கி மூக்குத்துளையையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும்படி ஒரு வாளியோ சிமெண்டுத் தொட்டியோ போதும். கோழிக்கு வைக்கும் தட்டைத் தண்ணீரில் இதை வளர்த்தால் கண் பீளை தள்ளிவிடும். சீன வகை தரையிலேயே இணை சேரும் என்பதும் வறண்ட ஊருக்கு ஒரு வசதி. தண்ணீரைவிட இங்கே கவலைப்பட வேண்டியது சித்திரை வெயிலுக்குத்தான். வேப்ப மரத்து நிழலாவது கட்டாயம் வேண்டும்.

சிக்கல் தொடங்குவது நாட்டுக்கோழி, வான்கோழி இருக்கும் முற்றத்தில் இதையும் சேர்த்து விடும்போதுதான். தொட்டித் தண்ணீரை வாரியிறைத்துச் சுற்றிலும் சேறாக்கிவிடும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். ஆகவே தண்ணீர்த் தொட்டியைக் கோழி மேய்கிற இடத்திலிருந்து தள்ளி, மணலும் சரளையும் கொட்டி அதன்மேல் வைப்பது நல்லது. இரவில் கோழி பரணில் அடையும், கூஸ் வாத்து தரையில் படுக்கும். ஒரே கூண்டில் அடைத்தால் மேலிருந்து விழும் எச்சம் முழுக்க இதன் முதுகில்தான். தனியாக அடையுங்கள், நாயும் நரியும் புகாத கதவு இருக்கட்டும். இன்னொன்று, வெள்ளைக்கழிச்சல் கிருமி தொற்றினாலும் கூஸ் வாத்து நோய் காட்டாமல் நடமாடும். கோழியோ கொத்தாகச் சாகும். எனவே கோழிகளுக்குத் தடுப்பூசி தவறக்கூடாது. கால்நடைப் பராமரிப்புத் துறையின் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

தீவனத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்கும் கடலைப் புண்ணாக்குக்கும் பஞ்சமில்லை. மழையில் நனைந்து பூசணம் பிடித்ததைக் 'கோழிக்குத்தானே' என்று அள்ளிப் போடும் வழக்கமும் உண்டு. அந்தப் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இது சிக்கியது. அதன்பின் இந்த நஞ்சைச் சோதிக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தியது வாத்துக்குஞ்சுகளை, அவ்வளவு சீக்கிரம் ஈரல் கெட்டுவிடும். கூஸ் குஞ்சும் அப்படித்தான். கோழி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பதால், கோழி தின்று நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. பூசணம் பிடித்ததைக் குழியில் கொட்டி மூடுங்கள்.

கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டுமே கொடுத்து வளர்த்தால் கூஸ் குஞ்சுக்குக் கால் வளைந்து நொண்டும். நயாசின் என்ற பி வைட்டமின் அதற்குக் கோழிக்குஞ்சைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். நல்ல அரிசித் தவிடு கலப்பது எளிய வழி. நாட்டுக்கோழியை வைத்தே குஞ்சு பொரிக்கவும் செய்யலாம். ஒரு கோழிக்கு நாலைந்து முட்டைக்கு மேல் வைக்கக்கூடாது. முட்டை பெரிது, கோழியால் புரட்ட முடியாது என்பதால் தினமும் நாம்தான் புரட்டிவிடவேண்டும். கோழிக்கு 21 நாள் கணக்கு, இதற்கு ஏறக்குறைய 30. நடுவில் எழுந்து போகாத முரட்டு அடைக்கோழியாகப் பார்த்து வையுங்கள்.

காவலுக்கென்றே வாங்குகிறவர்கள்தான் அதிகம். ரோமாபுரிக் கோட்டையைக் கி.மு. 390 வாக்கில் எதிரிகள் இரவில் ஏறியபோது கூஸ் வாத்துகள் கத்தி எழுப்பின என்பது பழங்கதை. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் பேலன்டைன்ஸ் விஸ்கிக் கிடங்குக்கு 1959 முதல் 2012 வரை இவைதான் காவல் என்பது நிஜம். ராஜபாளையம் நாய் பிறந்த மாவட்டத்தில் இது போட்டிக்கு வரப்போவதில்லை; கடித்து விரட்டாது, ஊரைக் கூட்டும். தறிச் சத்தத்துக்குப் பழகிய அருப்புக்கோட்டைத் தெருக்காரர்களால்கூட நடுராத்திரியில் அதன் குரலைத் தாங்க முடியாது. தோட்டத்து வீட்டுக்குத்தான் ஏற்றது. 'பாம்பு அண்டாது' என்பதை மட்டும் நம்பாதீர்கள். பாம்பைக் கண்டால் கத்தும், அவ்வளவே. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். தீவனத்தை இரவில் மூடி வைப்பதுதான் பாம்புக்கு மருந்து.

பொரிந்ததும் கண்ணில் படும் அசையும் உருவத்தையே தாயாகக் கொண்டு பின்தொடரும் இயல்பை கூஸ் குஞ்சுகளிடம்தான் விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ் ஆராய்ந்தார்; விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மடியில் போட்டு வளர்த்த குஞ்சு வீட்டு வாசலையே சுற்றும், பார்க்க அழகுதான். ஆனால் மனிதப் பயம் விட்டுப்போன சேவல், முட்டைக் காலத்தில் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு முதலில் பாய்வதும் நம் மேல்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குஞ்சுகளைக் கூட்டமாகவே விட்டு வளருங்கள். பிடிக்கும்போது கோழியைப் போல் காலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள்; கால் பலமில்லாதது, பிசகிவிடும். இறக்கையை அணைத்து, தலை பின்பக்கம் இருக்கும்படி இடுப்பில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் வாங்குவது பாவம். தனியாக இருந்தால் நாளெல்லாம் கத்தும். ஒரு சேவலுக்கு மூன்று நான்கு பெட்டை என்பது நல்ல கணக்கு. கறிக்கு அறுக்காமல் செல்லமாக வைத்திருந்தால் இருபது வருஷம் வாழும் பறவை இது. வாங்கும் முன் அந்த இருபது கோடைக்கும் ஒரு தொட்டித் தண்ணீர் கிடைக்குமா என்று உங்கள் கிணற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.